ஈஸ்ட் ஹாமிலிருந்து அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நலம். லண்டனில் இப்போது நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. ஹீட்டரை ஒட்டி உட்கார்ந்து எழுதுகிறேன். நேராக உட்கார முடிவதே எனக்குப் பெரிய விஷயம்.

உங்களுக்கு ஆசனவாய்ப் பக்கம் திரும்பவும் கட்டி வந்திருப்பதாக அண்ணி சொன்னார்கள். அதனால்தான் வீட்டில் யாருக்கும் சொல்லாததைச் சொல்கிறேன். எனக்கும் அதே இடத்தில் மூன்று முறை வந்தது. முதல் இரண்டு முறையும் கீறிச் சீழை எடுத்தார்கள். வலி அன்றே போனது, சில மாதத்தில் கட்டி திரும்பி வந்தது. உடம்புச் சூடு என்று நினைத்து மோராகக் குடித்தேன்.

மூன்றாவது முறை வந்த சர்ஜன் அம்மா தாளில் படம் போட்டுக் காட்டினார். ஆசனவாய்க்கு உள்ளே சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒன்று அடைத்துக்கொண்டால் சீழ் பிடித்து, தசைக்குள் வழி செய்துகொண்டு தோல் வரை வருகிறது. வெளியே கீறினாலும் உள்வாசல் மூடாமல் இருந்துவிடலாம். அந்தப் பாதைதான் பௌத்திரம். கட்டி வந்தவர்களில் பலருக்கு இது உண்டாகிறதாம். மாத்திரையால் பாதை மூடாது.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பாதை மலத்தை அடக்கும் சுருக்குத் தசையில் கொஞ்சமாகப் போயிருந்தால் திறந்துவிட்டு ஆறவிடுவார்கள். என்னுடையது ஆழம். வெட்டினால் மலத்தை அடக்க முடியாமல் போகும் என்று பயந்து, 'சீட்டன்' என்ற நூலைப் பாதைக்குள் கோர்த்து வெளியே வளையமாக முடிந்தார்கள். சீழ் தேங்காமல் கசிய அது வழி. ஐந்து மாதம் இருந்தது. குளிக்கும்போது அந்த முடிச்சு விரலில் தட்டும். பஸ்ஸில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்காருவேன், உள்ளாடையில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன்.

அப்புறம் 'லிஃப்ட்' ஆபரேஷன். உள், வெளி என்று இருக்கும் இரண்டு சுருக்குத் தசைகளுக்கு நடுவே பாதையைப் பிடித்து, கட்டி, அறுத்துவிட்டார்கள். தசையை வெட்டவில்லை. தாய்லாந்து டாக்டர்கள் கொண்டுவந்த முறை. விசாவோடு மருத்துவக் கட்டணம் கட்டியிருந்ததால் தனியாகக் காசு கேட்கவில்லை. ஏழு மாதமாகக் கட்டி இல்லை. திரும்ப வரவும் கூடும் என்று சொல்லித்தான் சர்ஜன் அம்மா அனுப்பினார்.

அண்ணா, இன்னொரு முறை கீறிவிட்டு மட்டும் வந்துவிடாதீர்கள். பௌத்திரம் இருக்கிறதா என்று சர்ஜனிடம் கேளுங்கள். அப்பாவுக்குச் சுகர் இருந்தது, நீங்களும் பாருங்கள். குடலில் கிரோன் என்ற நாள்பட்ட அழற்சி நோயோ காசநோயோ இருந்தாலும் இப்படித் திரும்பத் திரும்ப வருமாம், அதையும் கேளுங்கள். காய்ச்சலோடு வீங்கினால் மறுநாள் வரை வைத்திருக்க வேண்டாம்.

வெட்கம் பார்த்து நான் ஒன்றரை வருடம் வீணாக்கினேன். ஸ்கேனுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். அம்மாவிடம் என் ஆபரேஷன் பற்றிச் சொல்ல வேண்டாம், ஊருக்கு வரும்போது நானே சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
தம்பி