எங்கட பங்கு இளைஞர் பிள்ளைகளுக்கும் கூட நிண்ட எல்லாருக்கும் நன்றி

போன ஞாயிறு பூசைக்குப் பிறகு கொட்டாஞ்சேனையில எங்கட பங்கு ஹோல்ல என்ட கென்சர் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இடம் தந்த ஃபாதருக்கு முதல்ல நன்றி. கதிரை அடுக்கி மைக் பூட்டின தம்பிமாருக்கும், தமிழ் அவ்வளவா விளங்காத பிள்ளைகளுக்குப் பக்கத்துல இருந்து சிங்களத்துல சொல்லிக் குடுத்த தங்கச்சிக்கும், மீன் பணிஸும் பிளேன்டீயும் கொண்டுவந்த அன்ரிமாருக்கும் நன்றி.

கழுத்துல வந்த கட்டி நோகல்ல எண்டு சும்மா விடாதீங்க, டொக்டரிட்ட காட்டுங்க எண்டு அண்டைக்கு திரும்பத் திரும்பச் சொன்னன், ஏனெண்டா எனக்கு வந்த ஹொட்ஜ்கின் லிம்போமா எண்ட நிணநீர்க் கென்சர் கனபேருக்கு அப்படித்தான் தொடங்கும், உங்கட வயசுலயும் வரும், ஆனா மருந்து நல்லா வேலை செய்யிற கென்சர் அது. கென்சருக்குக் குடுக்கிற கீமோவுல ஒரு சிவப்பு மருந்தை ஊசியில மெல்ல மெல்ல ஏத்துவாங்க, பிறகு சிறுநீரும் சிவப்பாப் போகும், அதை முதல்லயே சொல்லி "பய வென்ன எபா துவே" (பயப்படாத மகள்) எண்டு சிங்களத்துல சொல்லிக் கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்த மஹரகம அபேக்ஷா கென்சர் ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்மாருக்கு நான் என்ன சொல்லி நன்றி சொல்ல. ஒரு சதம் வாங்காமத்தான் அங்க எனக்கு வைத்தியம் பார்த்தாங்க. அம்மா செவ்வாய்க்கிழமையில கொச்சிக்கடை அந்தோனியார்ட்டப் போவா, நான் க்ளினிக் நாள்ல 138 பஸ் ஏறுவன், எங்கட வீட்டுல ஒருத்தரும் ஜெபத்தை விடு, இல்லாட்டி மருந்தை விடு எண்டு சொல்லல்ல, அதுக்கும் நன்றி.

கடைசியில ஒரு தம்பி எழும்பி, "நாங்களும் ஜெபம் செஞ்சதுதானே அக்கா, அப்ப ஏன் எங்கட அம்மா செத்தவ?" எண்டு கேட்டார். ஹோலே அமைதியாப் போச்சு. எனக்குத் தெரியாது தம்பி எண்டுதான் சொன்னன். வாட்டுல எனக்குப் பக்கத்துக் கட்டில்ல இருந்த அக்கா ராவு ராவா ஜெபமாலை சொன்னவ, எனக்கும் சேர்த்துச் சொன்னவ, அவ இப்ப இல்ல. என்ட விசுவாசம் பெரிசு, அதால நான் பிழைச்சன் எண்டு சொன்னா அது அந்த அக்காவுக்குச் செய்யிற அநியாயம். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, கோயிலுக்குள்ளயே ஆக்களைப் பறிகுடுத்த எங்கட பகுதியில, ஜெபம் செஞ்சா ஒரு கெடுதியும் வராது எண்டு பிள்ளைகளுக்கு லேசாச் சொல்லேலாது, சொல்லவும் கூடாது. பயத்துல நித்திரை வராத நேரம் ஆண்டவர் என்னைத் தனிய விடல்ல, அது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும், அதைத்தான் சொல்ல வந்தன். அந்தத் தம்பி பிறகு வந்து அம்மாட ஃபோட்டோவை ஃபோன்ல காட்டினார், நல்ல சிரிச்ச முகம். கேட்டதுக்கு மிச்சம் நன்றி தம்பி, அண்டைக்கு எல்லாரும் மனசு விட்டுக் கதைச்சது உங்களாலதான். என்ன பாவம் செஞ்சீங்களோ எண்டு எனக்கு நேர சொன்ன ஆக்களும் இருக்காங்க, உங்கள்ல ஒருத்தரும் அப்படிக் கேட்கல்ல.

ரத்தம் குடுக்கப் பேர் தந்த பிள்ளைகளே, கீமோ எடுக்கிற ஆக்களுக்கு ரத்தமும், ரத்தம் உறைய உதவுற பிளேட்லெட்டும் அடிக்கடி தேவைப்படும், எனக்கு ஏத்தின ரத்தம் ஆர்ட எண்டே எனக்குத் தெரியாது, அவங்களுக்கும் இந்த மடல்ல நன்றி. 18 வயசு ஆகாத ஆக்களை எடுக்க மாட்டாங்க, கவலைப்படாதீங்க, உங்கட பேரையும் எழுதி வச்சிருக்கன். மற்ற ஆக்கள் காலையில நல்லாச் சாப்பிட்டு, அடையாள அட்டையும் எடுத்துக்கொண்டு நாரஹேன்பிட்ட ரத்த வங்கிக்கு வாங்க, நானும் கூட வாறன்.