இடக்கைக் கடிவாளம்: யுடாகா டாகே அவர்களுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய டாகே அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் முதல் ஞாயிறு நெருங்கும்போது, பாரிஸின் லாங்ஷோம் திடலில் நடக்கும் ஆர்க் குதிரைப் பந்தயத்தை ஒரு ஜப்பானியக் குதிரை இந்த முறையாவது வெல்லுமா என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. 1969இல், நீங்கள் பிறந்த அதே ஆண்டில், ஸ்பீட் சிம்போலி என்ற ஜப்பானியக் குதிரை அங்கே ஓடியதிலிருந்து இன்றுவரை அது நடக்கவில்லை. அதை வெல்வது, குதிரையோட்டியான உங்கள் நெடுநாள் கனவு என்பதும் ஊரறிந்தது. அந்தக் கனவைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஆனால், வெளிநாடுகளில் ஜப்பானியக் குதிரைகள் சாதித்தவற்றையெல்லாம் அந்த ஒரு பந்தயத்தைக் கோலாக வைத்து அளப்பது நியாயமில்லை என்று எனக்குப் படுகிறது. அதற்கு நான் காட்டக்கூடிய சான்றுகளில் சில உங்கள் கையால் நடந்தவை.

1998 ஆகஸ்டை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் ஜப்பானின் முதல் ஜி1 வெற்றியை, அதாவது உச்சத் தரப் பந்தய வெற்றியை, டைக்கி ஷட்டில் என்ற குதிரைதான் பெறும் என்று ஜப்பானே காத்திருந்தது. அதற்கு ஒரு வாரம் முன்னால், பிரான்சின் அதே தோவில் திடலில், சீக்கிங் தி பேர்ல் என்ற பெண்குதிரையின் மேல் நீங்கள் முதலிலிருந்து கடைசி வரை முன்னணியிலேயே ஓடி அந்தப் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். மறுவாரம் டைக்கி ஷட்டிலும் வென்றது. ஆனால் அவை இரண்டும் அமெரிக்காவில் பிறந்து ஜப்பானில் பழக்கப்பட்டவை. மறு ஆண்டு ஆர்க்கில் மோன்ழேவிடம் அரை உடல் நீளத்தில் தோற்ற எல் கோண்டோர் பாசாவும் அப்படித்தான். வெளிநாட்டில் பிறந்தது என்பதால் ஜப்பானிய டெர்பியில் ஓடவே அதற்கு அனுமதி இருக்கவில்லை. ஜப்பான் மண்ணில் பிறந்த குதிரை வெளியே போய் ஒரு ஜி1 வெல்லுமா என்ற கேள்வி அப்போதும் அப்படியே இருந்தது.

அதற்கு விடை சொன்னது, யாரும் எதிர்பார்க்காத ஸ்டே கோல்டு. 1989 கென்டக்கி டெர்பியை வென்று, பிறகு பொலிகுதிரையாக ஹொக்கைடோவுக்கு வந்த சண்டே சைலன்ஸின் மகன். சிறிய உடல், பொல்லாத குணம், வாழ்நாளில் பன்னிரண்டு முறை இரண்டாம் இடம். 2001 மார்ச்சில் துபாயில் நீங்கள் அதன் மேல் ஏறி ஃபென்டாஸ்டிக் லைட்டை மூக்களவில் வென்றீர்கள்; ஆனால் அந்தப் பந்தயம் அப்போது ஜி1 அல்ல. அந்த டிசம்பரில் ஹாங்காங்கின் ஷா டின் திடலில், தன் ஐம்பதாவதும் கடைசியுமான பந்தயத்தில், "தங்கப் பயணம்" என்று பொருள்படும் சீனப் பெயரோடு அது ஓடியது. அந்தக் காணொளியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. கடைசி நேர்பாதையில் எக்ரார் வெகுதூரம் முன்னால் போய்விட்டது. துரத்தி வந்த உங்கள் குதிரையோ வலப்பக்கம், உள்வேலியை நோக்கிச் சாய்கிறது. இடக்கைக் கடிவாளத்தை இழுத்து நீங்கள் அதை நிமிர்த்துகிறீர்கள். நிமிர்ந்த பிறகு அது ஓடிய ஓட்டம் வேறு ஒரு குதிரையின் ஓட்டம். எல்லைக்கோட்டில் தலையளவு வித்தியாசம். ஜப்பானில் பிறந்து ஜப்பானிலேயே பழகிய குதிரை ஒன்று வெளிநாட்டில் வென்ற முதல் ஜி1 அதுதான்.

லாங்ஷோம் வேறு கதை. நீண்ட புல், மழை பெய்தால் குளம்பை உள்ளே இழுக்கும் மண், ஏறக்குறைய பத்து மீட்டர் ஏற்றம். டோக்கியோவின் இறுகிய தரையில், கடைசி அறுநூறு மீட்டரில் சிட்டாய்ப் பறக்கத் தேர்ந்தெடுத்து வளர்த்த கால்களை அங்கே கொண்டுபோய், அந்தத் தரையில் ஏன் ஓடவில்லை என்று கேட்கிறோம். எடை வேறு. 2006 ஆர்க்கில் டீப் இம்பாக்ட் என்ற ஜப்பானியக் குதிரை 59.5 கிலோ சுமந்தது. வென்ற ரெயில் லிங்க் மூன்று வயதுக் குதிரை என்பதால் 56 கிலோதான். மூன்றாவதாக வந்த இடமும், இப்ராட்ரோபியம் என்ற தடைசெய்யப்பட்ட மருந்து பரிசோதனையில் தெரியவந்ததால் பறிபோனது. அதை மழுப்பிப் பேச நான் விரும்பவில்லை, தவறு தவறுதான்.

ஆனால் அந்த டீப் இம்பாக்டின் மகன் ரியல் ஸ்டீல், அதன் மகன் ஃபாரெவர் யங். 2024 கென்டக்கி டெர்பியில் மூன்றாவதாக வந்து மயிரிழையில் வெற்றியைத் தவறவிட்ட அந்தக் குதிரை, 2025இல் சவுதி கோப்பையையும், நவம்பரில் டெல் மாரில் பிரீடர்ஸ் கப் கிளாசிக்கையும் வென்றது. புல்தரையில் கொடிகட்டிப் பறந்த தாத்தாவின் பேரன் அமெரிக்க மண்தரையில், அமெரிக்கக் குதிரைகளை அவர்கள் வீட்டிலேயே தோற்கடித்த பிறகும் "ஆனால் ஆர்க்?" என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

உங்களிடம் கேட்க எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. ஸ்டே கோல்டின் மகன் ஓர்ஃபெவ்ர், 2012 ஆர்க்கில் எல்லோரையும் கடந்து தனியாக முன்னால் வந்த பிறகு, அப்பனுக்குத் தப்பாத பிள்ளையாக வலப்பக்க வேலியை நோக்கிச் சாய்ந்தது. அதற்குள் சொலெமியா திரும்பி வந்து கழுத்தளவில் வென்றது. அன்று அதன் மேல் இருந்தவர் கிறிஸ்டோஃப் சுமியோன். நீங்கள் அந்தக் காட்சியை எங்கிருந்து பார்த்தீர்களோ எனக்குத் தெரியாது. அது சாயத் தொடங்கிய நொடியில், உங்கள் இடக்கை தானாக அசைந்ததா?

அன்புடன்,
தொலைவிலிருந்து ஒரு ரசிகன்