கிறிஸ்துமஸ் ராத்திரி எனக்கு டியூட்டி

கர்த்தருக்குள் அன்பான அம்மாவுக்கும் அப்பாவுக்கும் உங்கள் மகள் எழுதிக்கொள்வது.

நான் சுகம். போனில் நீங்கள் கேட்கும்போதெல்லாம் "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். எழுதினால்தான் உள்ளது உள்ளபடி வருகிறது.

இங்கே டிசம்பரில் பகல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. நாலு மணிக்கே இருட்டிவிடும். குளிர்கூடப் பழகிவிட்டது, பழகாதது ஆஸ்பத்திரி வார்டு டெலிபோன்தான். மணியடித்தாலே வயிறு கலங்குகிறது. இந்த ஊர் பாஷையை நேரில் பேசினால் முகத்தைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வேன். போனில் முகம் ஏது? இங்கே வேலை செய்வதற்கான பர்மிட்டைப் புதுப்பிக்கும் விஷயமும் இழுத்துக்கொண்டே போகிறது.

கிறிஸ்துமஸ் ராத்திரி டியூட்டி என்றதும் அழுகை வந்தது. அப்புறம் லூக்கா 2-ஆம் அதிகாரம் வாசித்தபோது சிரித்துவிட்டேன். இயேசு பிறந்த செய்தியைக் கேட்ட அந்த மேய்ப்பர்களும் நைட் டியூட்டியில்தானே இருந்தார்கள்! தூதன் அவர்களிடமும் முதலில் சொன்னது பயப்படாதிருங்கள் என்பதுதான். அதற்கு முன்னே யோவான் ஸ்நானகனின் அப்பா சகரியாவிடமும் மரியாளிடமும் அதே பேச்சு.

மரியாளிடம் காபிரியேல் தூதன் காரணத்தையும் சேர்த்தே சொன்னான்: நீ தேவனிடத்தில் கிருபைபெற்றாய். அப்போது அவள் சரி என்றுகூடச் சொல்லியிருக்கவில்லை. கிருபை முந்திக்கொண்டது. ஆனால் அதற்குப் பிறகு அவள் பட்டதைப் பாருங்கள். ரோமச் சக்கரவர்த்தி அகுஸ்துராயன் குடிமதிப்பு, அதாவது ஜனக்கணக்கு, எழுதச் சொன்னான் என்று, பிள்ளையைச் சுமந்துகொண்டு நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம். சத்திரத்தில் இடமில்லை. பிறகு குழந்தையைக் கொல்லத் தேடிய ஏரோது ராஜாவுக்குத் தப்பி, ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்கு ஓட்டம். அங்கே அவர்களும் என்னைப்போல அயலார். யாரிடம் வழி கேட்டார்களோ, யோசேப்புக்கு யார் வேலை கொடுத்தார்களோ, வேதத்தில் ஒரு வரி இல்லை. எழுதாமல் விட்ட அந்தப் பகுதியைத்தான் நான் இப்போது அதிகம் நினைக்கிறேன். தயவு கிடைத்தவர்களுக்குக் கஷ்டமே வராது என்று சிலர் பிரசங்கம் பண்ணுவார்கள் இல்லையா, அது எனக்கு ஒட்டவில்லை அம்மா. ஏரோதும் இருந்தான், கர்த்தரும் கூடவே இருந்தார்.

நேற்று ராத்திரி ஒரு பாட்டி தூக்கம் வராமல் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார். சரியாகப் புரியவில்லை. "இங்கேதான் பாட்டி இருக்கேன், பயப்படாதீங்க" என்று தமிழிலேயே சொன்னேன். பிடி கொஞ்சம் தளர்ந்தது. அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது. லேபிலிருந்து ரத்த ரிப்போர்ட். ஒவ்வொரு எண்ணாக எழுதி, திரும்ப வாசித்துக் காட்டி, சரி என்று அவர்கள் சொன்ன பிறகு வைத்தேன். வயிறு கலங்கத்தான் செய்தது. ஆனாலும் ஓடிப்போய் எடுத்தது நான்தான், பக்கத்தில் இருந்தவளைக் கூப்பிடவில்லை.

அப்பா மாத்திரையை விடாமல் போடட்டும். கிறிஸ்துமஸ் காலையில் டியூட்டி முடிந்ததும் போன் பண்ணுகிறேன். பர்மிட்டுக்காக ஜெபம் பண்ணுங்கள். கிடைக்காவிட்டால் அடுத்து என்ன செய்யலாம் என்பதையும் அப்பாவிடம் பேசி வையுங்கள், அன்றைக்குக் கேட்பேன்.

உங்கள் அன்பு மகள்