காந்தலிலிருந்து கீழக்கரைக்கு

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் மனசு நிறைந்தது, அல்ஹம்துலில்லாஹ். இங்கே ஊட்டி காந்தலில் உறைபனி இன்னும் விடவில்லை. விடியக்காலையில் தலைக்குந்தா பக்கம் போனால் புல்வெளி முழுக்க உப்புக் கொட்டியது போல வெளுத்துக் கிடக்கிறது. வீட்டில் எல்லாரும் சுகம். சின்னவளுக்கு மார்ச்சில் பிரசவம், துஆ செய்.

நாற்காலியில் உட்கார்ந்து தொழுவது மனசுக்கு ஒப்பவில்லை, நெற்றி தரையில் படாதது என்ன தொழுகை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. நபித்தோழர் இம்ரான் இப்னு ஹுசைன் (ரலி) மூல நோயால் அவதிப்பட்டவர். நின்று தொழு, முடியாவிட்டால் உட்கார்ந்து தொழு, அதற்கும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழு என்று நம் நபி ரசூலுல்லாஹ் (ஸல்) அவரிடம் சொன்னது புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. இது உனக்குத் தெரியாததில்லை. ஆனால் நமக்கென்று வரும்போதுதான் மனசு முரண்டு பிடிக்கிறது.

இந்தக் குளிரில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருபவர் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி). தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது ஒரு கடுங்குளிர் இரவில் அவருக்குத் தொழுகைக்கு முன் முழுக்குளிப்புக் கடமையாகிவிட்டது. குளித்தால் உயிருக்கே ஆபத்து என்று பயந்து, தண்ணீருக்குப் பதில் மண்ணைத் தொட்டுத் தடவித் தூய்மையாகும் தயம்மும் செய்துகொண்டு தோழர்களுக்கு சுபுஹு தொழவைத்தார். விஷயம் ரசூலுல்லாஹ்வின் காதுக்குப் போனது. அப்படியா செய்தீர் என்று கேட்டார்கள். ‘உங்களை நீங்களே கொன்றுகொள்ளாதீர்கள்’ என்ற குர்ஆன் ஆயத்தை அம்ர் எடுத்துச் சொன்னார். ரசூலுல்லாஹ் சிரித்தார்கள், வேறொன்றும் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் நினைத்துப் பார் மச்சான். எங்கள் பள்ளிவாசலில் வயசானவர்கள், தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளுவில், காலைக் கழுவாமல் தோல் காலுறைமேல் ஈரக்கையால் தடவி மஸ்ஹு செய்துகொள்கிறார்கள். இந்தச் சலுகை ஊரில் இருப்பவனுக்கு ஒரு பகல் ஓர் இரவு, பயணிக்கு மூன்று. தொழுகையைக் கடமையாக்கியவன்தானே குளிரையும் படைத்தான், உன் முழங்காலையும் படைத்தான்?

உடம்பை வருத்தினால்தான் ரூஹு, அதாவது ஆன்மா, வளரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே அம்ரின் மகன் அப்துல்லாஹ் நாள்தோறும் நோன்பு வைத்து, ராத்திரியெல்லாம் நின்று வணங்கினார். உன் உடம்புக்கு உன்மேல் உரிமை உண்டு, உன் கண்ணுக்கும் உரிமை உண்டு என்று ரசூலுல்லாஹ் அவரைத் தடுத்தார்கள். உடம்பு நமக்குச் சொந்தமில்லை, அமானிதம். அதைத் தேய்த்துத் தீர்ப்பது இபாதத், வணக்கம் ஆகாது.

போன மாதம் எங்கள் ஜமாஅத்தில் ஒரு பெரியவர் மவுத்தானார். விடாத தூறலில் கபர் வெட்டினார்கள். ‘மின்ஹா கலக்னாகும்’ என்று ஓதி முதல் பிடி மண்ணை அள்ளினேன். சில்லென்று சேறாகி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது, உதறினாலும் விழவில்லை. இதிலிருந்தே உங்களைப் படைத்தோம், இதற்குள்ளேயே திரும்பச் சேர்ப்போம், இதிலிருந்தே மறுபடி எழுப்புவோம். எத்தனையோ மய்யித்துக்கு ஓதியதுதான். அன்றைக்கு அது என் கையைப் பற்றியே சொன்னது போல இருந்தது. உடம்புக்கு உரிமை உண்டென்றால், அந்த உடம்பு எதிலிருந்து வந்ததோ அந்த மண்ணுக்கும் தண்ணீருக்கும் உரிமை இல்லாமல் போகுமா?

எங்கள் ஒளுச் செய்யும் இடத்தைப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவில்லை. குழாயை முழுசாகத் திறந்துவிட்டுத் தலைக்கு மஸ்ஹு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ரசூலுல்லாஹ் ‘முத்து’ என்ற அரபு அளவில் ஒன்று, அதாவது இரண்டு கை சேர்த்து அள்ளும் தண்ணீரில், ஒளுச் செய்தார்கள். ஓடுகிற ஆற்றங்கரையில் இருந்தாலும் வீணாக்காதே என்றும் ஹதீஸ் உண்டு. ஊட்டிக்குத் தண்ணீர் பார்சன்ஸ் வேலி அணையிலிருந்து வருகிறது. மழையைக் குடித்து வைத்திருந்து மெல்ல மெல்ல ஓடைக்கு விடுவது மேலே இருக்கிற சோலையும் புல்வெளியும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அந்தப் புல்வெளியில் சீகை என்கிற வாட்டில் மரத்தையும் கற்பூர மரம் என்கிற யூகலிப்டஸையும் நட்டு எவ்வளவோ அழித்தாயிற்று. இப்போது வனத்துறை சில இடங்களில் சீகையை வெட்டி எடுத்துவிட்டுப் புல்லை மீட்கப் பார்க்கிறது. வானத்தை உயர்த்தி தராசை வைத்தான், அந்தத் தராசில் வரம்பு மீறாதீர்கள் என்று சூரா ரஹ்மானில் வருகிறதே, அதை அந்த மலைச்சரிவில் நின்று ஓத வேண்டும் மச்சான். அழுத்தினால் மட்டும் தண்ணீர் வரும் குழாய் போடச் சொல்லி கமிட்டியில் பேசியிருக்கிறேன். செலவைக் காட்டித் தள்ளிப் போடுகிறார்கள். ரமலானுக்குள் போட வைத்துவிடுவேன், இன்ஷா அல்லாஹ்.

டாக்டர் சொன்ன நடையை ஒரு நாளும் விடாதே. ஏப்ரலில் சீசன் கூட்டம் சேர்வதற்குள் தங்கச்சியோடு புறப்பட்டு வா. கீழ் அறையை ஒழித்து வைக்கிறேன், படியேற வேண்டியதில்லை. வரும்போது தொதல் கொண்டு வா, பிள்ளைகள் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வஸ்ஸலாம்,
உன் மச்சான்