மகளுக்கு: அந்த ‘நீலம்’ படத்தைப் பார்த்து முடித்தேன்

அன்புள்ள பிள்ளை,

நீ மச்சானிடம் கொடுத்துவிட்ட பென்டிரைவில் இருந்த ‘மூன்று நிறங்கள்: நீலம்’ படத்தை நேற்று இரவுதான் பார்த்து முடித்தேன். ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடின படம், எனக்கு மூன்று இரவு எடுத்தது. முதல் நாள் கார் மரத்தில் மோதின இடத்தோடு நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். இரண்டாம் நாள் பாதியில் கரண்ட் போய்விட்டது. மூன்றாம் நாள் அப்பாவும் வந்து பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, ஒரு சொல்லும் கதைக்காமல் கடைசி வரைக்கும் இருந்தார். முடிந்ததும் எழும்பிப் போய்ப் படலையைப் பூட்டிவிட்டு வந்து, "பிள்ளை ஏன் இதை அனுப்பினவள்?" என்று மட்டும் கேட்டார்.

உண்மையைச் சொன்னால் முதல் நாள் எனக்கு உன்மேல் கோபம்தான் வந்தது. புருஷனையும் பிள்ளையையும் ஒரே விபத்தில் பறிகொடுத்துவிட்டு, இருந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தனியாக வாழப் பார்க்கிற ஒருத்தியின் கதையை எனக்கு ஏன் அனுப்ப வேண்டும்? "அம்மா, இனியாவது விடுங்கோ" என்று நீ போனில் சொல்ல முடியாததை ஒரு படத்தின் வாயால் சொல்கிறாயோ என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. போனில் கதைத்தால் நான் வழமைபோல மழை பெய்ததையும் மாடு கன்று போட்டதையும் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். நீளமாக வரும், ஆறுதலாக வாசி.

மெதுவான படம், ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், பொறுமையாகப் பாருங்கோ என்று சொல்லியிருந்தாய். எனக்கு அது மெதுவாகத் தெரியவில்லை பிள்ளை. செத்தவீட்டில் நேரம் அப்படித்தான் போகும். அவள் கோப்பிக் கடையில் இருந்து ஒரு சீனிக்கட்டியின் நுனியைக் கோப்பியில் தொட்டுப் பிடிக்கிறாள், கோப்பி மெல்ல மெல்ல ஏறிக் கட்டி முழுவதும் நிறம் மாறுகிறது, கமரா அதை விட்டு அசையவில்லை. 5 செக்கனில் ஊறுகிற சீனிக்கட்டிதான் வேண்டும் என்று அந்த இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கி ஆள் விட்டுத் தேடினார் என்று நீ எழுதியிருந்ததை அந்த இடம் வந்தபோதுதான் விளங்கிக்கொண்டேன். வேறொன்றும் கண்ணில் படக்கூடாது என்று இருக்கிறவளுக்கு அந்தச் சீனிக்கட்டிதான் உலகம். சண்டை முடிந்து இருந்த முகாமில் தறப்பாள் ஓட்டைக்குள்ளால் விழுகிற வெயில் வட்டம் பாயில் நகர்ந்து நகர்ந்து மூலைக்குப் போகிறவரைக்கும் நான் பார்த்துக்கொண்டு இருந்தது உனக்கு நினைவிருக்கும். நீ கோப்பையை நீட்டிக்கொண்டு நிற்பாய். நான் உன்னைப் பார்க்கவில்லை, வெயிலைப் பார்த்தேன்.

பிரான்ஸ் நாட்டுக் கொடியின் மூன்று நிறத்துக்கும் மூன்று படம், அதில் நீலம் விடுதலைக்கு என்று எழுதியிருந்தாய். விடுதலை என்ற சொல்லை வன்னியில் இருக்கிற ஒருத்திக்கு எழுதும்போது உனக்கும் கை ஒருக்கால் நின்றிருக்கும். அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களில் எத்தனை பேர் இப்போது இல்லை. 1993 இல் அவர்கள் இந்தப் படத்தை வெளியிட்டபோது நீ கைக்குழந்தை, இங்கே கரண்டும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை, ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் உனக்குப் பால் கொடுத்தேன். படத்துக்கும் உன் வயதுதான் என்று நினைத்தபோது ஏனோ அதன்மேல் ஒரு பாசம் வந்தது. மற்ற இரண்டு படமும் அடுத்த வருடம் வந்தனவாம், 1996 இல் 54 வயதில் அந்த இயக்குநரும் போய்விட்டாராம். பாவம்.

தமிழ் படிப்பித்த புத்தி விடாது, பொறுத்துக்கொள். அறம் பொருள் இன்பம் வீடு என்று வகுப்பில் சொல்லும்போது, இந்த வீடு நாங்கள் குடியிருக்கிற வீடு இல்லை பிள்ளைகள், விடு என்ற சொல்லில் இருந்து வந்தது, விட்டு நீங்குதல் என்று விளக்குவேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வட்டக்கச்சியில் இருந்து தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன் என்று ஒவ்வொரு இடத்திலும் ஏதாவதொன்றை விட்டுவிட்டுப் போனபோது அந்த விளக்கம் என் தொண்டையில் நின்றது. முதலில் மேசை, பிறகு தையல் மெஷின், பிறகு உன் புத்தகங்கள், கடைசியில் சைக்கிள். அவள் விரும்பி விட்டாள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. படத்தில் நான் ஒத்துக்கொள்ளாத இடம் இதுதான். காசு இருந்தது, பாரிசில் தன்னை ஒருவருக்கும் தெரியாத தெருவில், அந்த மூஃப்தார் தெருவில், ஒரு வீடு எடுத்துக்கொள்ள முடிந்தது. இங்கே ஒருத்தி அப்படி மறைய முடியுமா? நான் கதவைச் சாத்தினால் பத்து நிமிசத்தில் பக்கத்து வீட்டுக்காரி சோற்றோடு வந்து தட்டுவாள். அது எனக்குப் பல நாள் கரைச்சலாக இருந்திருக்கிறது, ஆனால் நான் இன்றைக்கு உயிரோடு இருப்பதும் அந்தத் தட்டலால்தான்.

வற்றாப்பளை அம்மன் கோயில் கதையை அப்பம்மா உனக்குச் சொல்லியிருப்பார். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி, ஒரு கிழவியாக நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்க்கிற பெடியளிடம் வந்து இருக்கிறாள். அவர்கள் பொங்கிக் கொடுக்கிறார்கள், எண்ணெய் இல்லை என்று கடல் தண்ணீரில் விளக்கு எரிக்கிறார்கள். அவ்வளவு கோபத்தோடு வந்தவளை ஆற்றியது சின்னப் பெடியள் கொடுத்த புக்கை. இந்த ‘நீலம்’ படத்துக்காரிக்கும் கடைசியில் அப்படித்தான் நடக்கிறது. எலி குட்டி போட்ட அறையைத் துப்புரவாக்கிக் கொடுக்க ஒரு பக்கத்து வீட்டுப் பெண் வருகிறாள். ஊரே ஒரு மாதிரிக் கதைக்கிற பெண், ஆனால் வந்தவள் அவள்தான்.

வேலைக்கார அம்மா குசினிக்குள் நின்று அழுகிற இடம் இருக்கிறதே. ஏன் அழுகிறாய் என்று இவள் கேட்க, நீங்கள் அழாதபடியால்தான் என்கிறார். அந்த இடத்தில் அப்பா என் பக்கம் திரும்பினார். மாத்தளனில் நான் அழவில்லை. பக்கத்துத் தறப்பாளில் இருந்த ஆச்சிதான், எங்களை அதற்கு முன்னம் அறியாத மனுஷி, எனக்காக ஒப்பாரி வைத்தார். ஜூலியட் பினோஷ் என்ற அந்த நடிகைக்கு வெனிஸ் விழாவில் பரிசு கிடைத்தது என்று எழுதியிருந்தாய். அழாமல் இருக்கிற முகத்தை அவர் எங்கே பார்த்துப் பழகினாரோ.

சரி, இனி எழுத வந்ததை எழுதுகிறேன்.

நான் முதல் நாள் படத்தை நிறுத்தியது கார் மோதினதால் இல்லை. அதற்கு முன்னம், ஓடுகிற காரின் யன்னலுக்கு வெளியே அந்தச் சின்னப் பிள்ளையின் கை நீட்டியபடி இருக்கிறது. கையில் நீல நிறத்தில் ஒரு மினுக்குத் தாள், காற்றில் படபடவென்று அடிக்கிறது. பிறகு கை அதை விட்டுவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளை இல்லை. அதற்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை. நேற்று, அந்தத் தாய் வீட்டை விட்டுப் போகிறபோது, கையைப் பொத்திக் கல்மதிலில் உரசிக்கொண்டே நடந்து போகிறாள், விரல் மொளியெல்லாம் உரிந்து இரத்தம் கசிகிறது, முகத்தில் ஒன்றுமில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு உன் கை நினைவுக்கு வந்தது. முகாமில் நீ உன் வலது கையை மண் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாய். வரிசையில் நின்று கொண்டுவந்த தண்ணீரை இப்படியா ஊற்றுவது என்று ஒருநாள் ஏசினேன். ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்கவில்லை. எனக்குக் காரணம் தெரிந்திருந்தது.

தம்பியை அந்தக் கையால்தான் பிடித்துக்கொண்டு ஓடினாய். உனக்குப் பதினைந்து வயது, அவனுக்குப் பத்து. பங்கருக்கு நாலு எட்டு இருந்தபோது கை விடுபட்டது. 16 வருடமாக நாங்கள் இருவரும் இதை ஒருவருக்கொருவர் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். நான் உங்களுக்குப் பின்னால் வந்தேன், என் கண்ணால் கண்டேன். நீ விடவில்லை பிள்ளை. அவன்தான் கையை உருவிக்கொண்டு திரும்பி ஓடினான். அடுப்பில் கஞ்சி இருந்தது. அன்றைக்கு எங்களிடம் அதைத் தவிர ஒன்றும் இல்லை. கஞ்சியைக் கவனமாகப் பார்த்துக்கொள் ராசா, அது கவிண்டால் இன்றைக்குப் பட்டினிதான் என்று காலையில் இருந்து அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது நான்.

நீ விடவில்லை என்று உனக்குச் சொல்வதென்றால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என்னால் இதைச் சொல்ல முடியவில்லை. நான் வாய் திறக்காததை நீ வேறு மாதிரி எடுத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டும் இருந்தேன். என் பாரத்தை மறைக்க உன் பாரத்தை உன்னிடமே விட்டுவைத்தேன். அதற்கு என்னை மன்னித்துக்கொள். மே மாதத்தில் சண்டையில் செத்தவர்களை நினைத்து ஊர் முழுக்கக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கும்போது அம்மா ஏன் வாங்குவதில்லை என்று ஒருமுறை கேட்டாய், காய்ச்சல் என்று சொன்னேன். காய்ச்சல் இல்லை. அப்பாவுக்கும் நேற்று இரவு அவர் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் சொன்னேன். அவர் கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவன் எப்பவும் சொல்வழி கேட்கிற பெடியன்" என்றார். பிறகு இரண்டு பேரும் அழுதோம். விடியப்புறம் மாடு கத்துகிற வரைக்கும் அழுதோம்.

படத்தில் அவள் புருஷன் எழுதி முடிக்காமல் போன இசையைக் கொண்டுபோய்க் குப்பை லொறிக்குள் எறிகிறாள். லொறி அரைத்துக்கொண்டு போகிறது. ஆனால் மெட்டு போகவில்லை. அவள் படியில் இருக்கும்போதும் நீச்சல் குளத்தில் இருக்கும்போதும் அது திடீரென்று வந்து அடிக்கிறது, சில இடங்களில் திரை முழுக்கக் கறுத்துப்போய்த் திரும்ப அதே நொடிக்கு வருகிறது. அது எனக்கு நன்றாகத் தெரியும். கடை வாசலில் நின்று மிச்சக்காசு வாங்கும்போது அப்படி எனக்கு எத்தனை தரம் கறுத்திருக்கிறது, கடைக்காரப் பெடியன் காசை நீட்டிக்கொண்டே நிற்பான். கடைசியில் அவள் எறிந்ததைத் தானே இருந்து எழுதி முடிக்கிறாள். விற்கப் போட்ட வீட்டை, புருஷனோடு தொடர்பு வைத்திருந்த பெண்ணின் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குக் கொடுக்கிறாள். அப்பா அந்த இடத்தில் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். என்னால் அது முடியாது, ஆனால் அவள் அதைக் கொடுத்தபோது முகம் இளகினதைக் கண்டேன். மகளின் அறையில் தொங்கின நீலமணி விளக்கை மட்டும் அவள் ஒருவருக்கும் கொடுக்கவில்லை. தம்பியின் நீலக் காற்சட்டை, பள்ளிக்கூடத்துக்குப் போடுவது, அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. அதை நானும் கொடுக்க மாட்டேன். அதை ஒருவரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

நீ இரண்டு வேலை செய்து மேல்மாடி கட்ட அனுப்புகிற காசு இனி வேண்டாம். எங்கள் இரண்டு பேருக்கும் கீழே இருக்கிறது காணும். தூணுக்கு மேலே கம்பி துருப்பிடித்து நீட்டிக்கொண்டு நிற்கிறது, அதை வெட்டிவிட்டுப் பூசச் சொல்லி மேசனிடம் சொல்லிவிட்டேன், திங்கள் வருவார். யாருக்காக அந்த மேல்மாடி என்று நான் கேட்டதே இல்லை. அவனுக்கென்று ஒரு அறை வரைந்திருந்தாய், வரைபடத்தில் கண்டேன். அந்தக் காசில் நீ படிக்க விரும்பினதைப் படி. படம் எடுக்க ஆசை என்று பதினேழு வயதில் எனக்குச் சொன்னாய், நான் அதைக் காதில் போடவில்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் போன் எடுக்க வேண்டும் என்றும் இல்லை. கதைக்க விருப்பமான நாள் எடு. நான் பயப்பட மாட்டேன்.

இரணைமடுக் குளம் இந்த முறை நிரம்பும் போல இருக்கிறது. 36 அடி வந்தால் வான் கதவு திறப்பார்கள், நீங்கள் இரண்டு பேரும் சின்னனில் வான் பாய்வதைப் பார்க்கப் போக வேண்டும் என்று கத்தினது மாதிரி இப்போதும் பெடியள் பின்னேரத்தில் அந்தப் பக்கம் ஓடுகிறார்கள். காலபோக நெல் நன்றாக நிற்கிறது.

மச்சான் திரும்ப வரும்போது வெள்ளையையும் சிவப்பையும் கொடுத்துவிடு. அப்பாதான் கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
அம்மா