ஆயில் ஷேலில் எண்ணெய் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பாறை எண்ணெய் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அமெரிக்காவில் பாக்கன் பகுதியில் எடுக்கும் எண்ணெயையும் கொலராடோவில் கிடக்கும் ‘ஆயில் ஷேல்’ பாறையையும் ஒரே பத்தியில், ஒரே பெயரில் போட்டிருக்கிறீர்கள். பாறையைச் சுட்டு எண்ணெய் அளப்பதே வேலையாக ஓர் ஆய்வகத்தில் பல வருடம் இருந்தவள் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

பாக்கனில் இருப்பது நிஜமான எண்ணெய். பூமிக்கு அடியில் எப்போதோ உருவாகி, இறுக்கமான பாறையில் நகர வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. கிணற்றை ஆழத்தில் கிடையாகத் திருப்பி, தண்ணீரையும் மணலையும் அழுத்திச் செலுத்தி விரிசல் விட்டால் வெளியே வரும். கொலராடோ, யூட்டா, வயோமிங் மாநிலங்களில் பரவியிருக்கும் கிரீன் ரிவர் பாறையில் எத்தனை விரிசல் விட்டாலும் ஒன்றும் வராது. ஓடிவர அங்கே எண்ணெயே இல்லையே! இருப்பது கெரோஜன் என்ற திடப்பொருள். பென்சீனில் ஊறப்போட்டாலும் பெரும்பகுதி கரையாது. ‘ஆயில் ஷேல்’ என்ற பெயரில் இரண்டு சொல்லுமே தப்பு என்று ஆய்வகத்தில் சிரிப்போம். கிரீன் ரிவர் பாறையில் பெரும்பகுதி ஷேல் என்ற களிமண் பாறையும் இல்லை, களிமண்ணோடு சுண்ணாம்பும் கலந்த மார்ல்.

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பெரிய ஏரிகள் இருந்தன. பாசி செத்து அடியில் விழுந்தது. அடித்தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாததால் முழுக்க மக்கவில்லை. மேலே வண்டல் படிந்தது, மறுபடி பாசி, மறுபடி வண்டல். அறுத்த துண்டைப் பார்த்தால் வெளிறியதும் கறுத்ததுமாகக் கோடு கோடாகத் தெரியும். இதே சேறு இன்னும் ஆழத்தில் புதைந்து, 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் லட்சக்கணக்கான ஆண்டுகள் கிடந்திருந்தால் பெட்ரோலியம் ஆகியிருக்கும். அந்த ஆழம் வாய்க்கவில்லை. அரைவேக்காட்டில் நின்றுபோன சரக்கு இது. மீதி வேக்காட்டை நாம்தான் அடுப்பு வைத்து முடிக்க வேண்டும். அவசரமாக முடிப்பதால் 500 டிகிரி வரை போக வேண்டியிருக்கிறது.

நான் செய்தது ஃபிஷர் சோதனை. 100 கிராம் பாறையை நொறுக்கி, காய்ச்சி வடிக்கும் அலுமினிய வாலையில் போடுவோம். நிமிடத்துக்கு 12 டிகிரி வீதம் 500 வரை ஏற்றி, அங்கேயே 40 நிமிடம் நிறுத்துவோம். காற்று உள்ளே போகக் கூடாது. போனால் எண்ணெய் ஆவதற்குப் பதில் எரிந்துவிடும். முதலில் தண்ணீர் மட்டும் சொட்டும். 350 டிகிரி தாண்டிய பிறகு பழுப்பு ஆவி கிளம்பி, குளிர்ந்த குழாயில் எண்ணெயாகச் சொட்டத் தொடங்கும். அந்த வாடை தலைமுடியில் ஏறினால் இரண்டு நாளைக்கு இறங்காது. நல்ல பாறை என்றால் 10 கிராம் எண்ணெய். வாலையைத் திறந்தால் 85 கிராமுக்கு மேல் கரி படிந்த பாறைத்தூள் அப்படியே இருக்கும். கல்லில் நார் உரிப்பது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் பார்த்ததில்லை.

ஆலையிலும் இதே கணக்குதான். நல்ல பாறை ஒரு டன்னைச் சுட்டால் சுமார் 100 லிட்டர் கிடைக்கும். அதற்குத் தோண்டி, நொறுக்கி, சூடேற்றியாக வேண்டும். கிடைத்த எண்ணெயையும் நேராகச் சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்ப முடியாது. கிரீன் ரிவர் எண்ணெயில் நைட்ரஜன் அதிகம், ஆர்செனிக்கும் உண்டு. இரண்டும் ஆலையின் வினையூக்கியைக் கெடுத்துவிடும். ஆர்செனிக்கை நீக்கி, ஹைட்ரஜன் ஏற்றி நைட்ரஜனையும் விரட்டிய பிறகுதான் எரிபொருள் என்று சொல்லலாம். அப்புறம் சுட்ட கழிவு. நொறுக்கிய தூள் தோண்டிய குழிக்குள்ளேயே முழுதாகத் திரும்ப அடங்காது.

இதையெல்லாம் மீறி இந்தத் தொழிலை விடாமல் நடத்தியவர்கள் எஸ்டோனியர்கள். 1916-இல் தோண்ட ஆரம்பித்தார்கள். 1948-இல் பாறையிலிருந்து எடுத்த வாயு கோத்லா-யார்வேயிலிருந்து குழாய் வழியே லெனின்கிராடு வீடுகளுக்குப் போனது. குக்கர்சைட் என்ற அவர்களுடைய ஆயில் ஷேல் கடல் பாசியால் ஆனது, 45 கோடி ஆண்டுக்கு மேல் பழசு. சக ஊழியர் ஒருவர் கொண்டுவந்து தந்த துண்டு ஒன்று இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது. மெல்லிய சில்லு ஒன்றில் தீக்குச்சியைக் காட்டினால் ஓரம் பற்றிக்கொள்ளும். அங்கே ஒரு வகை ஆலையில் சுட்ட பாறையின் கொதிக்கும் சாம்பலையே புதுத் தூளோடு கலந்து சூடேற்றுகிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் சாம்பல் மலைகள் வளர்ந்துவிட்டன. கிவியொலி என்ற ஊரில் அப்படி ஒரு மலையில் பனிச்சறுக்கு விளையாடுகிறார்கள். அந்த ஊர்ப் பெயருக்குப் பொருளே ‘கல்லெண்ணெய்’.

இனி உங்கள் தலைப்பில் இருந்த எண். 4 லட்சம் கோடி பீப்பாய் ‘கையிருப்பு’ என்று போட்டிருந்தீர்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 2011-இல் கிரீன் ரிவர் பாறைக்குச் சொன்ன மதிப்பீடு அது. பாறை மொத்தத்தையும் சுட்டால் எவ்வளவு வரும் என்ற கணக்கு. லாபத்தோடு எவ்வளவு எடுக்கலாம் என்று அவர்கள் மதிப்பிடவே இல்லை. கையிருப்பு என்றால் எடுத்து விற்கக்கூடியது, ஐயா. எக்ஸான் நிறுவனம் கொலராடோவில் நடத்திவந்த பெரிய ஆயில் ஷேல் திட்டத்தை 1982 மே 2 அன்று கைவிட்டது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. அந்த நாளை அங்கே ‘கறுப்பு ஞாயிறு’ என்கிறார்கள். ஷெல் நிறுவனம் தோண்டாமலே, நிலத்துக்குள் மின்சூடேற்றிகளை இறக்கிப் பாறையை இருந்த இடத்திலேயே வேகவைத்துப் பார்த்தது. நிலத்தடி நீர் உள்ளே வராமலிருக்கச் சுற்றிலும் மண்ணை உறையவைத்துச் சுவர் எழுப்பியது. ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் ஐஸ்! எண்ணெய் வந்தது, ஆனால் 2013-இல் அதையும் மூடிவிட்டார்கள்.

அடுத்த முறை இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் போடுங்கள். கட்டுரையோடு வந்த படமும் கிணறு தோண்டும் கோபுரம். ஆயில் ஷேலுக்குப் படம் வேண்டுமானால் ஒரு சாம்பல் மலையைப் போடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர் ஒருவர்