புடாபெஸ்டில் இருக்கும் மகளுக்கு

பாசுகின், பிலிப்பைன்ஸ்,
மார்ச் மாதம்

பலாசங்கோ,

பூண்டு பிடுங்கியாகிவிட்டது. இந்த வருஷம் பல் சிறுத்துவிட்டது, காரம் மட்டும் குறையவில்லை. அப்பாவுக்குக் கண் பரவாயில்லை. சொட்டு மருந்து போடச் சொன்னால் கோபம் வருகிறது, நீ சொன்னால் கேட்பார். அண்ணன் கூரையை இன்னும் சரிசெய்யவில்லை. அதையெல்லாம் பிறகு எழுதுகிறேன். போன ஞாயிறு உன் குட்டி திரையில் என்னைப் பார்த்து, நம் இலோக்கானோவின் "அப்போங்" வராமல், எஸ்பெராந்தோவில் பாட்டி என்று "அவீனோ" என்று கூப்பிட்டாளே, அதிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனசு ஓடவில்லை.

அழகாகத்தான் கூப்பிட்டாள். நான் குறை சொல்லவில்லை. 2018இல் லிஸ்பனில் நடந்த உலக எஸ்பெராந்தோ மாநாட்டு மேடையில் நீ நிற்கும் படத்தை அலமாரிக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறேன். அங்கேதான் மருமகனும் கிடைத்தார். அவருக்கு நம் மொழி தெரியாது, உனக்கு அப்போது ஹங்கேரியன் தெரியாது. நீங்கள் குடும்பம் நடத்த, எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஒருவர் உருவாக்கிய அந்த எஸ்பெராந்தோ மொழிதான் கைகொடுத்தது. அதற்கு நான் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

பாகியோவில் படித்த காலத்தில் நீ விட்டுப்போன இலக்கணப் புத்தகத்தை எடுத்து வாசித்தேன். வாத்தியாரம்மா புத்தி, சும்மா இருக்க முடியவில்லை. பெயர்ச்சொல் எல்லாம் ஓ-வில் முடிகிறது. நிகழ்காலம் "ஆஸ்", இறந்தகாலம் "இஸ்", எதிர்காலம் "ஓஸ்". மொத்தம் 16 விதிகள். அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தின அசையில். இதைச் செய்த சாமென்ஹோஃப் நல்ல மனிதராகத்தான் இருந்திருக்க வேண்டும். அவர் பிறந்த பியாவிஸ்தோக்கில் ருஷ்யரும் போலந்துக்காரரும் ஜெர்மானியரும் யூதரும் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் பிடிக்காமல் வாழ்ந்தார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவர் 1887இல் வார்சாவில் தன் முதல் புத்தகத்தை அச்சிட்டார்.

வாசிக்க வாசிக்க நம் மொழிக்கு எத்தனை நெருக்கமாக இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டேன். இரண்டிலும் புத்தகம் "லிப்ரோ"தான். அவர்கள் பன்மைக்கு "லிப்ரோய்" என்று வால் சேர்க்கிறார்கள், நாம் தலையை இரட்டித்து "லிப்லிப்ரோ" என்கிறோம். சாப்பிடுவதற்கு அவர்கள் "மன்ஜி", நாம் "மங்ஙான்". சாப்பிடும் இடம் அவர்களுக்கு "மன்ஜேயோ", நமக்கு "பங்ஙனான்". ஒரே வேரிலிருந்து சொல்லைக் கிளப்பும் வேலை இரண்டுக்கும் தெரியும். ஆனால் நம் "மங்ஙான்" அங்கே நிற்பதில்லையே. எதைச் சாப்பிடுகிறோம் என்பது முன்னே வந்தால் "கனென்", ஊட்டினால் "பகனென்". யார், எதை, எங்கே என்று வாக்கியத்தின் கண் திரும்பத் திரும்ப வினையே உருமாறும். அழுத்தம் எழுத்தில் தெரியாது, காதில் விழுந்தால்தான் உண்டு. இதற்கு 16 விதி போட யாராலும் முடியாது.

போன கடிதத்தில் "பலாய்மி" என்று எழுதியிருந்தாய். எங்கள் வீடு. இலக்கணப்படி சரி, நாங்கள் அந்த வீட்டில் இல்லைதானே. எஸ்பெராந்தோவில் "நியா டோமோ" என்று எழுதியிருந்தால் எனக்கு ஒன்றும் தைத்திருக்காது. அந்த "நி"க்குள் நாமும் நாங்களும் ஒன்றாகவே கிடக்கின்றன. நமக்கோ அது மூன்று: நீயும் நானும் மட்டும், எல்லோரும், நீ சேராத நாங்கள். குட்டி இதில் எதற்குள் தான் இருக்கிறாள் என்பதை அவள் காதே அவளுக்குச் சொல்ல வேண்டாமா?

போன முறை இதை ஆரம்பித்தபோது நீ சிக்னல் சரியில்லை என்றாய். அதனால்தான் எழுதுகிறேன்.

எஸ்பெராந்தோவை நீ காலேஜில் கற்றாய், சில மாதங்களில் பேசினாய். இருபது வயதிலும் அது வரும், நாற்பதிலும் வரும். அப்படி வருவதற்காகவே செய்யப்பட்டது அது. இலோக்கானோ அப்படி வராது. அது மடியில் வர வேண்டும். பேசுகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், அது அழியாது என்று நீ சொல்வாய். 1621இலேயே அச்சேறிய மொழி, உண்மைதான். ஆனால் 2012இல் சின்ன வகுப்புகளுக்குத் தாய்மொழியில் சொல்லிக்கொடுக்கச் சொன்ன அரசாங்கம், 2024இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. நாங்கள் கையால் வரைந்து ஒட்டிய படங்களெல்லாம் பீரோவில் கிடக்கின்றன. பள்ளிக்கூடம் கைவிட்டால் வீடு இருக்கிறது என்று மற்ற ஆசிரியைகளுக்கு ஆறுதல் சொன்னவள் நான்.

உங்கள் ஆட்களே 1905இல் பூலோன் நகரத்தில் கூடி அறிக்கை விட்டிருக்கிறார்கள், வாசித்தேன். இருக்கிற மொழிகளை விரட்டிவிட்டு அந்த இடத்தில் உட்கார எஸ்பெராந்தோவுக்கு எண்ணமே கிடையாது என்று. அதை மருமகனுக்கும் ஞாபகப்படுத்து. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், நல்ல பிள்ளை.

சோறு ஊட்டும்போதாவது பேசு. குளிப்பாட்டும்போது பேசு. அவள் பதிலை எந்த மொழியில் சொன்னாலும் சொல்லட்டும், நீ பேசு. தூங்கவைக்கும்போது பேசு. உன் ஹங்கேரியன் பரீட்சை நல்லபடி முடிந்ததா? முடியும், நீ எதையும் விட்டவள் இல்லை. ஊட்டும்போதாவது பேசு.

ஞாயிறு உங்களுக்குக் காலை எட்டு, எங்களுக்கு மதியம் மூன்று. நான் தயாராக உட்கார்ந்திருப்பேன். அதற்கு முன்னால் குட்டிக்கு "அப்போங்" என்று ஒரு தடவை சொல்லிக் காட்டு, வற்புறுத்தாதே. நம் மொழிப் பத்திரிகையான பன்னவாக்கின் பழைய இதழ்களில் படக்கதைப் பக்கங்களை வெட்டித் தைத்து வைத்திருக்கிறேன். வீட்டு எண்ணோடு முகவரியை எழுதி அனுப்பு, போன பார்சல் திரும்பி வந்துவிட்டது.

நானங்